தொழிலிட எச்சரிக்கைப் பலகையும் எழுத்தறிவும்

ஓர் ஆணை மக்களைச் சென்றடைய இரண்டு வழிகளைத் தமிழர் பண்டுதொட்டே கையாண்டு வந்துள்ளனர். ஒன்று கல்லில் பொறித்தல். மற்றொன்று முரசறைந்து கூறுதல். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்தரமேரூர் ஊரவை தன் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்தபொழுது, அதனைச் சுவரிலேயே எழுத்தாக வெட்டி வைத்தது. குடவோலைக்கு உரியார் யார், உரியரல்லார் யார் என்பதை இன்றும் அச்சுவரில் காணலாம். நகர விழாவையோ போரையோ உடனே அறிவிக்க வேண்டியவிடத்து, வள்ளுவன் யானைமீது அமர்ந்து முரசறைந்தான் எனப் பழைய நூல்கள் கூறும். கல்லெழுத்து நிலைத்து நிற்கும். ஆயினும் படிக்கத் தெரிந்தவர்க்கே அது பயன்படும். முரசொலி எல்லார்க்கும் எட்டும். ஆயினும் ஒலித்த அக்கணமே மறைந்துபோம்.

இப்பழைய சிக்கல் இன்றைய தொழிற்சாலைச் சுவரிலும் உள்ளது. அமிலம் வைத்த அறையின் வாயிலில் ஒரு பலகை. சுழலும் உருளையின் பக்கத்தில் ஒரு பலகை. கொதிகலனின் அருகில் சட்டமிட்ட சான்றிதழ். அலுவலகச் சுவரில் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை. இவற்றுட் பல சட்டத்தின் கட்டளையால் தொங்குபவை. பலகையைத் தொங்கவிட்டவர் தம் கடமையை முடித்துவிட்டதாகக் கருதுகின்றார். அதன்கீழ் நின்று வேலை செய்பவர் அதனை உணர்ந்தாரா என்பது வேறொரு வினா. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவு எத்துணைப் பெரிது என்பதைப் பேரா மாநிலத் தோட்டத் தமிழரின் வாழ்வு நன்கு விளக்கும்.

ஒரே சட்டத்தில் இரு கட்டளைகள்

தொழிலிடத்தில் சட்டத்தை எழுதித் தொங்கவிடும் வழக்கம் இங்கிலாந்தின் பஞ்சாலைகளில் தோன்றியது. 1802ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம், ஆலைகளில் வேலை பயிலும் சிறுவர்களின் உடல்நலத்தையும் ஒழுக்கத்தையும் காப்பதற்கென ஒரு சட்டம் இயற்றியது. அச்சட்டத்தின் படிகளை ஆலையில் எல்லார் கண்ணிலும் படும் இடங்களில் தொங்கவிடல் வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. அச்சிறுவர்களுக்கு முதல் நான்கு ஆண்டுகளேனும் எழுத்தும் படிப்பும் கணக்கும் கற்பித்தல் வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே சட்டத்தில் அமைந்தமை சிந்திக்கத்தக்கது. படிக்கத் தெரியாத பிள்ளைக்குச் சுவரில் தொங்கும் சட்டத்தால் என்ன பயன்? பலகைக்குத் துணையாகப் பள்ளி வேண்டும் என்பதனை அச்சட்டம் தன்னையறியாமலே ஒப்புக்கொண்டது எனலாம்.

ஆயினும் அச்சட்டத்தை நடைமுறைப்படுத்துவார் இலர். சம்பளம் பெறும் ஆய்வாளர் 1833ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான் அமர்த்தப்பட்டனர். 1844ஆம் ஆண்டுச் சட்டம் இயந்திரங்களுக்கு வேலியிடுமாறு கட்டளையிட்டது. சட்டத்தின் சுருக்கத்தை ஆலையில் தொங்கவிடுமாறும் பணித்தது. இம்முறையே பின்னர் ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளுக்கும் பரவிற்று. இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 108ஆம் பிரிவில் இதனைத் தெளிவாக வகுத்தது. அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், ஆலைத் தொழிலாளருள் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் இருத்தல் வேண்டும். ஆலையின் முதன்மை வாயிலிலோ அதனருகிலோ எளிதிற் காணும் வண்ணம் வைத்தல் வேண்டும் என்று அது கூறியது. கோயமுத்தூர் ஆலைத் தொழிலாளிக்குச் சட்டம் தமிழில் பேச வேண்டும் என்பது இதன் பொருள்.

பெரட்டுக்களமும் பள்ளியும்

இனிப் பேராவுக்கு வருவோம். 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர் நாற்றுகளில் சில கோலகங்சாருக்கு எடுத்துச் செல்லப்பட்டு நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுங்கை சிப்புட், சித்தியவான், தெலுக் இந்தான், பீடோர், தாப்பா முதலிய பகுதிகளிலெல்லாம் ரப்பர்த் தோட்டங்கள் பரந்தன. கங்காணிகளின் வழியாகத் தமிழகத்துச் சிற்றூர் மக்கள் ஆயிரக்கணக்கில் வந்து லயங்களிற் குடியேறினர். அவர்களுட் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்.

தோட்டத்தில் ஆணைகள் எழுத்தால் நடைபெறவில்லை. விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஆட்கள் வரிசையாக நின்றனர். பெயர் கூப்பிடப்பட்டது, அன்றைய வேலை பங்கிடப்பட்டது. எந்த நிரையில் பால் வெட்டுவது, யார் புல்லுக்கு மருந்தடிப்பது, யார் பால் ஸ்டோருக்குப் போவது என்பனவெல்லாம் கங்காணியின் வாய்ச்சொல்லாகவே வந்தன. பெரட்டுக்குரல் அக்காலத்து முரசு எனலாம். ஆனால் முரசறைந்தவன் அரசனின் ஆணையை ஊரறியக் கூறினான். கங்காணியோ தனக்கு வேண்டியதை மட்டும் கூறினான். வேலையின் அளவு சொல்லப்பட்டது. வேலையின் தீங்கு சொல்லப்படவில்லை. தொழிலாளிக்குச் சட்டம் அளித்த உரிமை எது என்பதும் அக்களத்தில் ஒலிக்கவில்லை.

1923ஆம் ஆண்டில் மலாய்க் கூட்டுநாடுகளின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது. தோட்டத்தில் ஓரினத்தைச் சேர்ந்த, பள்ளி செல்லும் வயதுடைய பிள்ளைகள் பத்துப் பேரேனும் இருப்பின், நிருவாகம் அவர்களுக்குப் பள்ளி அமைத்தல் வேண்டும் என்று அது விதித்தது. மலாயாவில் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பெருகியது இவ்விதியினாலேயாம். தொடக்கத்தில் அப்பள்ளிகளிற் பல பெயரளவில் நடந்தன. கிராணியோ கங்காணியோ மருந்துக் கொட்டகைப் பணியாளரோ வேலை போக எஞ்சிய பொழுதில் பாடஞ் சொல்லிக் கொடுத்ததும் உண்டு. எனினும் மணலில் அகரம் எழுதிய பிள்ளைகள் வளர்ந்து, சுவரில் எழுதியதைப் படிக்கும் முதல் தலைமுறை ஆயினர். 1802ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நிகழ்ந்ததைப் போலவே, ஈண்டும் தொழிற்சட்டமும் எழுத்தறிவும் ஒரு கொடியில் பூத்த இரு பூக்களாயின. தமிழாசிரியர் இதனை மறத்தலாகாது. அவர்தம் பள்ளியின் வேர் ஒரு தொழிற்சட்டத்தில் உள்ளது.

உருளையும் அமிலமும் களைக்கொல்லியும்

தோட்ட வேலையின் தீங்குகள் யாவை? பாலை வடிகட்டி, நீர் கலந்து, உறைவதற்காகப் போமிக் அமிலம் சேர்ப்பர். உறைந்த கட்டியை உருளைகளுக்கிடையே செலுத்தித் தகடாக்குவர். பின் புகைக்கூடத்தில் உலர்த்துவர். போமிக் அமிலம் தோலைப் புண்ணாக்கும். கண்ணிற் பட்டால் பார்வையைக் கெடுக்கும். பால் உறையாமற் காக்கச் சேர்க்கும் அம்மோனியாவின் ஆவி மூச்சை அடைக்கும். தகடுருட்டும் உருளையோ தகட்டையும் விரலையும் வேறுபடுத்தி அறியாது.

இயந்திரங்களைப் பொறுத்தவரை சட்டம் முன்னரே வந்தது. ஈயச் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் நீராவிக் கொதிகலன்கள் வெடிக்கலாம் என்னும் அச்சமே அதற்குத் தூண்டுகோல். மலாய்க் கூட்டுநாடுகளில் 1913ஆம் ஆண்டிலும், மலாயாக் கூட்டரசில் 1953ஆம் ஆண்டிலும் இயந்திரச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 1970ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் கூரையுள்ள ஆலைக்கு எழுதப்பட்ட சட்டம், கூரையற்ற பால்மரக் காட்டை எட்டவில்லை. மருந்தடிக்கும் பெண்ணின் தொழிலிடத்தில் சுவரே இல்லை. பலகையை எங்கே தொங்கவிடுவது?

லாலான் புல்லைக் கொல்ல முற்காலத்தில் சோடியம் ஆர்செனைட்டு என்னும் கொடிய நஞ்சு தெளிக்கப்பட்டது. மாடுகளையும் மனிதரையும் கொன்ற அதற்கு மாற்றாக 1960ஆம் ஆண்டுகளில் பாராகுவாட் வந்தது. இதற்கும் மாற்று மருந்து இல்லை. ஒரு வாய் உட்சென்றால் நுரையீரல் சிறிது சிறிதாகக் கெட்டு உயிர் போகும். தோட்டங்களில் முதுகிற் சுமக்கும் பம்பினால் இதனைத் தெளித்தவர் பெரும்பாலும் பெண்களே. அவர்களுள் தமிழ்ப் பெண்கள் மிகுதி.

2002ஆம் ஆண்டில் தெனாகானித்தா என்னும் மகளிர் அமைப்பும், பூச்சிக்கொல்லிகள் பற்றிய ஆசிய பசிபிக் அமைப்பும் இணைந்து தோட்டப் பெண்களைப்பற்றிய ஓர் ஆய்வினை வெளியிட்டன. ‘நஞ்சூட்டப்பட்டு வாயடைக்கப்பட்டவர்’ என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டனர். கண்ணீர் வடிதல், தோற்புண், நகம் நிறம் மாறிக் கழலுதல் முதலிய துன்பங்களை அது பதிந்தது. அவ்வாண்டிலேயே அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக விலக்க முடிவு செய்தது. 2006ஆம் ஆண்டில் அம்முடிவு தளர்த்தப்பட்டது. இறுதியாக 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் முழுத்தடை நடைமுறைக்கு வந்தது. இடையில் கழிந்தவை பதினெட்டு ஆண்டுகள்.

அவ்வாண்டுகளிலும் நச்சுக் குப்பிகளின்மீது எச்சரிக்கைச் சீட்டு ஒட்டப்பட்டே இருந்தது. 1974ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் அதனை வேண்டிற்று. சீட்டு ஏன் காக்கவில்லை? மருந்து கலக்கும் இடம் ஒன்று. தெளிக்கும் இடம் வேறொன்று. கொட்டகையில் ஒருவர் குப்பியைத் திறந்து நீருடன் கலப்பார். களத்தில் நிற்கும் பெண்ணின் முதுகில் ஏறுவது பெயரில்லாத நீர்மம். மிஞ்சியதைச் சிறு புட்டியில் ஊற்றி வைத்தால் அச்சீட்டும் மறைந்துபோம். எச்சரிக்கை எழுத்து நஞ்சோடு உடன் செல்லாவிடின், அஃது எழுதாமைக்கு ஒப்பாகும். படிக்கத் தெரிந்தவரும் அந்நிலையில் எழுத்தறியாதவரே.

இன்றைய சட்டம் வேண்டுவன

1972ஆம் ஆண்டில் பிரிட்டனில் ராபென்ஸ் பிரபுவின் குழு ஓர் அறிக்கை அளித்தது. விதிகளை மேன்மேலும் பெருக்குவதைக் காட்டிலும், தீங்கை உண்டாக்குவோரும் அதனோடு வேலை செய்வோருமே அதனைக் கட்டுப்படுத்தும் பொறுப்பை ஏற்கும் முறை சிறந்தது என்பது அதன் கருத்து. மலேசியாவில் 1991ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் சிலாங்கூர் சுங்கை பூலோவில் பட்டாசு ஆலையொன்று வெடித்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மூன்றாண்டுகளின் பின், 1994இல், தொழிலிடப் பாதுகாப்பு, உடல்நலச் சட்டம் ராபென்ஸ் குழுவின் கருத்தை ஒட்டி இயற்றப்பட்டது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2024ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தபொழுது, 1967ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது. இப்பொழுது மிகச் சில விலக்குகள் தவிர, நாட்டின் எல்லாத் தொழிலிடங்களும் ஒரே சட்டத்தின்கீழ் வந்துள்ளன. பால்மரக் காடும் செம்பனைக் காடும் அவற்றுள் அடங்கும்.

இச்சட்டம் பலகையோடு நிற்கவில்லை என்பது அறியத்தக்கது. வேலை கொடுப்போர் பாதுகாப்புக் கொள்கையை எழுதி, அதனைத் தொழிலாளரின் கவனத்துக்குக் கொண்டுவருதல் வேண்டும். வேண்டிய செய்தியும் அறிவுரையும் பயிற்சியும் மேற்பார்வையும் அளித்தல் வேண்டும். ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யுமிடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வேண்டும். நாற்பதின்மர் இருப்பின் தொழிலாளரும் அடங்கிய குழு வேண்டும். உயிர்க்கு உடனே இடர் வரும் என்று நம்புவதற்குத் தக்க காரணம் இருப்பின், வேலையிடத்தை விட்டு அகலும் உரிமையும் திருத்தத்தினால் தொழிலாளிக்குக் கிடைத்துள்ளது. இவ்வுரிமையைப் பயன்படுத்த, முதலில் இடரை இடர் என்று அறிதல் வேண்டும். அறியாதவனுக்கு உரிமை இருந்தும் இல்லாததே.

இடர்தரும் இரசாயனங்களைப்பற்றிய 2013ஆம் ஆண்டு விதிகள், கொள்கலச் சீட்டு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருத்தல் வேண்டும் என்கின்றன. தமிழ் அதில் கட்டாயமன்று. ஆதலின் சொல்லோடு குறியும் வண்ணமும் சேர்ந்து பேச வேண்டியுள்ளது.

வண்ணங்களின் இலக்கணம்

பன்னாட்டுத் தர அமைப்பு வகுத்த பலகைகளுக்கு ஓர் இலக்கணம் உண்டு. சிவப்பு வட்டமும் குறுக்குக் கோடும் ‘செய்யாதே’ என்னும் தடையைக் குறிக்கும். மஞ்சள் முக்கோணம் எச்சரிக்கை. நீல வட்டம் ‘இதனைச் செய்க’ என்னும் கட்டாயம்; கண்ணாடி, கையுறை, தலைக்கவசம் அணியச் சொல்வது இதுவே. பச்சைச் சதுரமோ செவ்வகமோ வெளியேறும் வழி, முதலுதவி ஆகியவற்றைக் காட்டும். தீயணைப்புக் கருவி இருக்குமிடத்தைச் சிவப்புச் சதுரம் காட்டும். வினைச்சொல்லில் ஏவலும் எதிர்மறை ஏவலும் இருத்தல் போலப் பலகையிலும் நீலமும் சிவப்பும் உள்ளன எனின் மாணவர் எளிதில் உணர்வர்.

ஆயினும் வண்ணம் தானே பொருள் தருவதன்று, கற்பித்தாலன்றி விளங்காது. தமிழர்க்கு மஞ்சள் மங்கலம். ஈப்போவின் சீனர்க்குச் சிவப்பு நல்வரவு. அவ்வண்ணங்களே ஆலையில் அச்சமூட்டுவன. இன்னுமொரு குழப்பத்தையும் நோக்குக. இந்தியாவில் பூச்சிக்கொல்லிக் குப்பிகளின் சாய்சதுரக் குறியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்னும் நிறங்கள் நஞ்சின் கடுமையைக் காட்டும். அங்கே பச்சை குறைந்த நஞ்சைக் குறிக்குமேயன்றி நஞ்சின்மையைக் குறிக்காது. சுவர்ப்பலகையின் பச்சையைப் பார்த்துப் பழகிய ஒருவர், குப்பியின் பச்சையையும் பாதுகாப்பு என்று கொள்வாராயின் கேடு விளையும். ஒரே நிறம் இடத்திற்கேற்பப் பொருள் மாறுதல், ஒரு சொல் பல பொருள் தருதல் போன்றதே.

பலகைத் தமிழ் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதும் ஆராயத்தக்கது. சிங்கப்பூரில் நான்கு மொழிகளில் அமைந்த எச்சரிக்கைப் பலகைகளில் ‘அபாயம்’ என்னும் சொல்லைக் காண்கின்றோம். இடர், தீங்கு என்னும் நல்ல தமிழ்ச் சொற்கள் உள்ளனவே எனக் கேட்பார் கேட்கலாம். ஆய்வுக் கட்டுரையில் அவற்றை ஆளுதல் சிறப்பே. ஆனால் பலகையைப் படிப்பவர்க்கு நிகண்டைப் புரட்ட நேரமில்லை. எச்சொல் ஒரு நொடியில் காலை நிறுத்துமோ அச்சொல்லே அங்கு ஏற்றது. ‘பாதுகாப்புக் கண்ணாடி அணியப்படாதவிடத்து உட்புகுதல் தவிர்க்கப்படல் வேண்டும்’ என்பது இலக்கணப் பிழையற்றது, பலகைக்குப் பயனற்றது. ‘அமிலம்! கண்ணைக் கெடுக்கும். கண்ணாடி அணிக. பட்டால் உடனே நிறைய நீரால் கழுவுக’ என்பதில் பொருள், விளைவு, காப்பு, மருந்து நான்கும் உள்ளன. எழுவாய் மறைந்த செயப்பாட்டு வினை பொறுப்பையும் மறைத்துவிடும்.

கண்ணும் செவியும்

ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை வந்தபின், தோட்டத் தமிழர் பலர் ஈப்போவையும் அதனைச் சூழ்ந்த தாசேக், மெங்லெம்பு முதலிய தொழிற்பகுதிகளையும் நாடினர். ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் குன்றுகளில் கல்லுடைக்கும் வேலை நடைபெறுகின்றது. வெடி வைக்குமுன் சங்கொலி எழுப்புவர். அறிவிப்பும் செந்நிறக் குறியும் வைப்பர். கண்ணுக்கும் செவிக்கும் ஒருங்கே கூறும் முறை அது. கல்வெட்டும் முரசும் ஈண்டு ஒன்றுசேர்கின்றன. எல்லாத் தொழிலிடங்களுக்கும் இதுவே நன்னெறியாம். பலகை தொங்கட்டும், வேலை தொடங்குமுன் ஒருவர் அதனைத் தொழிலாளர் மொழியிற் படித்துப் பொருள் கூறட்டும், கேட்டவர் தம் சொல்லில் திருப்பிக் கூறட்டும். மூன்றாவது படி இன்றேல் முதலிரண்டும் வீண்.

இன்று பேராவின் தோட்டங்களில் வேலை செய்வோருட் பலர் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர். குப்பியின் மேலுள்ள மலாய் எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் வங்காளத்து இளைஞன் வெறித்து நோக்குகின்றான். நூறாண்டுகளுக்குமுன் அதே மண்ணில் தமிழ்த் தொழிலாளி நின்ற நிலை அதுவே. அன்று அவனுக்காகப் பேச எழுத்தறிந்தோர் சிலரே இருந்தனர். அவன் பேரப்பிள்ளைகள் இன்று ஆலைகளில் மேற்பார்வையாளராகவும் பாதுகாப்பு அலுவலராகவும் உள்ளனர். தம் பாட்டனுக்குச் சொல்லப்படாததைப் புதிதாய் வந்தவனுக்குச் சொல்லும் வாய்ப்பு அவர்கள் கையில் இருக்கின்றது.

பள்ளிக்கும் இதில் பங்கு உண்டு. பாடநூலின் செய்யுளைப் பொருளுணர்ந்து படிக்கப் பழக்கும் ஆசிரியர், வீட்டிலுள்ள மருந்துப் புட்டியின் சீட்டையும் மின்கம்பத்தின் பலகையையும் அவ்வாறே படிக்கப் பழக்கலாம். தாய் கொண்டுவரும் குப்பியில் என்ன எழுதியுள்ளது என்று மகள் படித்துச் சொல்லும் வீட்டில், சட்டம் சுவரிலிருந்து இறங்கி வாழ்வுக்குள் வருகின்றது. தோட்டப் பள்ளியை ஈன்ற சட்டத்திற்கு அப்பள்ளி செலுத்தத்தக்க கைம்மாறு இதனினும் வேறு இல்லை.